சந்தை உண்டியலும் கடல் கடந்த உதவியும்

கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை நெருங்கும்போது பசவனகுடிக்குச் செல்லும் பாதையெல்லாம் வேர்க்கடலை மணக்கத் தொடங்கிவிடும். கோலார், மாகடி, சிக்கபள்ளாப்பூர் பக்கத்து விவசாயிகளும், எல்லைக்கு அப்பாலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து காளைக் கோயில் சாலையின் இரு மருங்கிலும் குவிக்கிறார்கள். வயலை மேய்ந்து அழித்த காளையைச் சாந்தப்படுத்த, முதல் விளைச்சலைக் காணிக்கையாக்குவதாக அந்நாளைய விவசாயிகள் நேர்ந்துகொண்டார்கள். அதிலிருந்து பிறந்ததே கடலைக்காய் பரிஷெ என்பது செவிவழிக் கதை. விற்பதற்கும் வாங்குவதற்கும் முன்னால் கொடுப்பதற்காகக் கூடிய சந்தை அது.

பெங்களூருவில் சந்தைக்கும் திருவிழாவுக்கும் குறைவில்லை. செப்டம்பர் 8ஆம் தேதி சிவாஜிநகர் மரியன்னை திருவிழா, ஹலசூரு சோமேசுவரர் தேர், அங்கங்கே பள்ளி மைதானங்களில் நடக்கும் விற்பனை விழாக்கள் என்று ஆண்டு முழுவதும் கூட்டம் கூடிக்கொண்டேதான் இருக்கிறது. கூட்டம் கூடும் இடத்தில் நம்மவர்கள் ஒரு மேசை போட்டு, முறுக்கும் அதிரசமும் அடுக்கி, பக்கத்தில் ஒரு தகர உண்டியலையும் வைத்து நற்காரியத்துக்கு நிதி திரட்டுவது பழகிப்போன காட்சி. மாதர் சங்கத்தார் விடியற்காலையில் எழுந்து மாவு பிசைகிறார்கள். பிள்ளைகள் அட்டையில் படம் வரைந்து கொண்டுவருகிறார்கள். பள்ளிக் கட்டடம், ஏழை மாணவர் கட்டணம், வெள்ள நிவாரணம் என்று காரணங்கள் மாறுகின்றன. சில ஆண்டுகளில் அந்தக் காரணம் கடலுக்கு அப்பால் இருக்கிறது.

2025 நவம்பர் 28ஆம் தேதி இலங்கையைத் தாக்கிய டிட்வா புயல் அப்படியொரு காரணத்தை நம் முன் கொண்டுவந்து நிறுத்தியது. அவ்வாண்டுப் பரிஷெ முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலை சரிந்து வீடுகளை மூடியது. அந்த மலைகளில் வாழ்வோரில் பெரும் பகுதியினர் நம் மொழி பேசுவோர். தேயிலைக் கொழுந்து பறித்து வாழ்பவர்கள். இந்திய அரசு ‘சாகர் பந்து’ என்ற பெயரில் கப்பலும் விமானமும் அனுப்பியது. டிசம்பரில் 45 கோடி டாலர் உதவியையும் அறிவித்தது. அதில் 35 கோடி சலுகைக் கடன், 10 கோடி மானியம். அரசு செய்வது அரசின் கடமை. மக்கள் தாமாகச் செய்ய நினைப்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

சந்தையில் உண்டியல் ஏந்துகிறவர்களின் நல்லெண்ணத்தில் நமக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால், உண்டியலை வைத்த பிறகு, ‘இதை எப்படி அனுப்புவது?’ என்று விசாரிக்கத் தொடங்குவது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. உள்ளூர்க் காரியமென்றால் இதனால் பெரிய கெடுதல் இல்லை. நாலு தெரு தள்ளி நடந்துபோய்க் கொடுத்துவிடலாம். கடல் கடந்து போகவேண்டிய காசுக்கு இந்த முறை உதவாது. யாருக்கு, எந்த வழியில், யார் பொறுப்பில் என்ற மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே உண்டியலைத் துணியால் கட்டி முத்திரை வைக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

அதற்கு முன் ஒரு ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லிவிடுவோம். “உள்ளூரில் ஏழைகள் இல்லையா? கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிய பிறகு, அன்றாடம் ரயிலேறிப் பெங்களூரு வந்து கூலி தேடுகிற நம் மக்களைப் பார்த்துவிட்டுப் பிறகு இலங்கைக்குப் போகலாமே?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இக்கேள்வியைக் கேட்பவர்களில் எத்தனை பேர் தங்கவயலுக்காக உண்டியல் ஏந்தினார்கள் என்று திருப்பிக் கேட்கவும் தோன்றுகிறது. வெளியே கொடுக்கிற கைதான் பெரும்பாலும் உள்ளேயும் கொடுக்கிறது; கொடாத கைக்கு இரண்டும் தூரம்.

தங்கவயலையும் தேயிலை மலையையும் எதிரெதிரே நிறுத்துவதும் சரித்திரம் அறியாதார் பேச்சு. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூர் சமஸ்தானத்தையும் சூறையாடிய பஞ்சம் அது. மைசூரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மாண்டதாகக் கணக்கு. மாகாணத்தின் வறண்ட மாவட்டங்களில் பிழைத்துக் கிடந்தவர்களில் ஒரு கூட்டம் கங்காணியின் பின்னால் கடல் தாண்டி இலங்கைத் தோட்டங்களுக்குப் போயிற்று; அப்போது அங்கே காப்பிதான், தேயிலை பின்னால் வந்தது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் சுரங்கம் தோண்ட வந்தபோது அதே பசியிலிருந்து இன்னொரு கூட்டம் இங்கே வந்தது. வறுமை ஒன்று, பாதைகள் இரண்டு. இந்தப் பாதையில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தப் பாதையில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் மேல்தான் மலை சரிந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தப் பஞ்சத்தில் நம் முன்னோர் குடித்த கஞ்சியில் வெளிநாட்டு உண்டியலின் பங்கும் இருந்தது. 1877 ஆகஸ்டில் சென்னை கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் கோமகன் விடுத்த வேண்டுகோளையேற்று லண்டன் மேயர் தொடங்கிய நிதிக்கு, பிரிட்டனிலும் அதன் காலனிகளிலும் இருந்து 6 லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. பஞ்ச காலத்திலும் தானியத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த ஏகாதிபத்தியத்தை அந்த நிதி பாவத்திலிருந்து விடுவிக்கவில்லை. அது வேறு வழக்கு. காசு போட்ட ஆலைத் தொழிலாளிக்கு நம் ஊர் எந்தத் திசை என்றுகூடத் தெரிந்திராது. அதற்கும் முப்பது ஆண்டு முன்னால், அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வந்தபோது, முதன்முதலில் நிதி திரட்டிய ஊர்களில் ஒன்று நம் கல்கத்தா. தூரத்துப் பசிக்குக் கொடுப்பது நமக்கு இன்றைக்குப் புதிதாக வந்த ஆடம்பரமன்று.

சரி, கொடுக்கலாம். எதைக் கொடுப்பது? சந்தையில் மேசை போட்டதுமே நாம் செய்யும் முதல் தவறு, “பழைய துணி இருந்தால் கொண்டுவாருங்கள்” என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பதுதான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் மலைமலையாகக் கிடந்த பழந்துணிகளை மறந்துவிட்டோமா? நாடெங்கும் இருந்து லாரி லாரியாக வந்து இறங்கியவை அவை. கிழிந்த சட்டை, பொத்தான் போன கால்சட்டை, அந்தக் கடலோரத்து மக்கள் உடுத்தவே உடுத்தாத கம்பளி உடைகள். வீட்டையும் பிள்ளையையும் இழந்த மீனவன் தெருவில் கொட்டிக் கிடந்த கந்தலைப் பொறுக்கவில்லை. அவன் மானம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. கடைசியில் அவற்றை அள்ளி அப்புறப்படுத்துவது மாவட்ட நிர்வாகத்துக்குத் தனி வேலையாயிற்று. நம் அலமாரியைக் காலிசெய்வதற்குப் பெயர் தருமம் இல்லை. உள்நாட்டிலேயே இந்தக் கதி என்றால், சுங்கமும் கப்பல் கட்டணமும் கடந்து போகவேண்டிய மூட்டைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பொருளாக அனுப்புவதில் சட்டச் சிக்கலும் சாமானியமானதன்று. 2022இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது, அரிசியும் பால்பொடியும் மருந்தும் அனுப்பத் தமிழ்நாடு அரசு விரும்பியது. ஒரு மாநில அரசே ஏப்ரல் 29ஆம் தேதி சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி, மத்திய அரசின் அனுமதி பெற்ற பிறகுதான் மே 18ஆம் தேதி முதல் கப்பலைச் சென்னையிலிருந்து அனுப்ப முடிந்தது. 9,000 டன் அரிசி, 200 டன் பால்பொடி, 24 டன் மருந்து அதில் சென்றன. அதற்கு முன் 2007இல், பாதை அடைபட்டுப் பட்டினி கிடந்த யாழ்ப்பாணத்து மக்களுக்காகப் பழ. நெடுமாறன் தலைமையில் ஊர் ஊராகத் திரட்டிய உணவும் மருந்தும் அனுமதி கிடைக்காமல் தேங்கின. அவர் உண்ணாவிரதம் இருக்க நேர்ந்தது. அரசியல் சரி தவறு ஒருபுறம் இருக்கட்டும். கொடுத்தவர் மனம் நிறைந்தது, பெறவேண்டியவர் வயிறு நிறையவில்லை என்பதுதான் அந்நிகழ்ச்சியில் நம்மை உறுத்துவது.

ஆகவே பணமாகத் திரட்டுவதே நல்லது. ஆனால் பணத்துக்கும் வழி உண்டு, வரம்பும் உண்டு. இங்கேதான் நம் சங்கப் பொறுப்பாளர்கள் பலரும் குழம்புகிறார்கள். ‘எப்.சி.ஆர்.ஏ. சட்டம் இருக்கிறதே’ என்று பயப்படுகிறவர்கள் ஒரு சாரார். அந்தச் சட்டம் வெளிநாட்டிலிருந்து இங்கே வரும் நன்கொடையைக் கட்டுப்படுத்துவது. இங்கிருந்து போகும் பணத்தை ஆளுவது அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டம். ‘யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், வங்கியில் ஒரு படிவம்தானே’ என்று துணிகிறவர்கள் இன்னொரு சாரார். இவர்கள் நினைப்பது பாதிதான் சரி.

ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்படி, இந்தியாவில் வசிக்கும் ஒரு தனி நபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். நன்கொடையும் அதில் அடங்கும். பான் எண் வேண்டும், படிவம் ஏ-2 எழுதவேண்டும். ஆனால் இத்திட்டம் தனி நபருக்கு மட்டுமே. சங்கம், அறக்கட்டளை, கூட்டு நிறுவனம் எதுவும் இதைப் பயன்படுத்த முடியாது. ‘அப்படியானால் பொருளாளர் தம் பெயரில் அனுப்பிவிடட்டுமே’ என்று சொல்லத் தோன்றும், சொல்லியும் வருகிறார்கள். அந்தப் படிவத்திலேயே, ‘இப்பணம் எனக்குச் சொந்தமானது’ என்று உறுதிமொழி தரவேண்டியிருக்கிறது. சந்தை உண்டியலில் விழுந்த ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும் பொருளாளரின் சொந்தப் பணமா? நல்ல காரியத்துக்காகப் பொய்க் கையெழுத்துப் போட்ட பொறுப்பாளர், நாளைக்கு வருமான வரித்துறையிலிருந்து கடிதம் வரும்போது தனியாகத்தான் நிற்பார். அப்போது சந்தையில் மைக் பிடித்துப் பேசிய தலைவர்களைத் தேடினாலும் கிடைக்கமாட்டார்கள்.

பதிவு பெற்ற அறக்கட்டளைகளுக்கு மற்றொரு தடை. தருமக் காரியத்துக்கானாலும் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால், மத்திய நேரடி வரி வாரியத்தின் அனுமதி இல்லாதவரை அத்தொகைக்கு வரிவிலக்கு கிடையாது. எனவே சந்தை மேசையில் உட்கார்ந்துகொண்டு, ‘ரசீது தருகிறோம், வரிச்சலுகை உண்டு’ என்று வாய்க்கு வந்தபடி சொல்லவேண்டாம். உள்நாட்டு நன்கொடைக்கே 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை.

“தெரிந்தவர் கொழும்புக்குப் போகிறார், அவர் கையில் கொடுத்தனுப்பினால் ஆயிற்று” என்பது மூன்றாவது ரகம். இந்திய நோட்டாக ஒருவர் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடியது 25,000 ரூபாய் வரைதான். அதைத் தாண்டினால் குற்றம். ‘இங்கே கொடு, அங்கே வாங்கிக்கொள்’ என்கிற உண்டியல் வியாபாரம் பக்கம் தலைவைத்தும் படுக்கவேண்டாம். அதற்கும் உண்டியல் என்றுதான் பெயர் என்பது நம் மொழியின் விளையாட்டு. சட்டத்துக்கு முன் அந்த வேடிக்கை எடுபடாது.

பின் எதுதான் வழி? வசதியுள்ளவர்கள் தங்கள் சொந்தப் பணத்தைத் தங்கள் பெயரிலேயே நேரடியாக வங்கி மூலம் அனுப்பட்டும். அதற்கு உண்டியலே தேவையில்லை. சங்கம் செய்யவேண்டியது, பெறுகின்ற இடத்தின் வங்கிக் கணக்கு விவரத்தைச் சரிபார்த்து அவர்களுக்குத் தெரிவிப்பது மட்டுமே. சந்தையில் பலரிடமும் சேரும் சில்லறையைப் பொறுத்தவரை, அனுப்பும் வசதியும் அனுமதியும் உள்ள பெரிய நிறுவனத்தின் பெயரிலேயே தொடக்கத்திலிருந்து திரட்டுவது உத்தமம். 1920ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்திய செஞ்சிலுவைச் சங்கத்துக்கு இலங்கையிலும் சகோதரச் சங்கம் இருக்கிறது. பரிஷெ நடக்கும் அதே காளைக் கோயில் சாலையில் மடம் வைத்திருக்கும் ராமகிருஷ்ண இயக்கத்துக்குக் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் நிலையங்கள் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் காரித்தாஸ் அமைப்பு இரு நாட்டிலும் இயங்குகிறது. இவற்றில் ஒன்றை அணுகி, ‘இன்ன தேதியில் சந்தை, இவ்வளவு திரளலாம், உங்கள் வழியாக அங்கே சேருமா?’ என்று எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் பெறுங்கள். சேராது என்று பதில் வந்தாலும் லாபமே. உண்டியல் வைப்பதற்கு முன்பே தெரிந்துகொண்டோம் அல்லவா? சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திடமும் விசாரிக்கலாம். சங்கத்தின் பெயரிலேயே அனுப்பித் தீரவேண்டும் என்ற பிடிவாதம் உள்ளவர்கள் வங்கியின் மூலம் ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கட்டும். பெயர்ப் பலகையில் யார் பெயர் முதலில் என்ற சண்டையில்தான் நம் சங்கங்கள் பாதி இரண்டாக உடைந்தன. பிறர் பெயரில் கொடுக்க மனம் வந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

இனிச் சந்தை மேசைக்கு வருவோம். கோயில் வளாகமென்றால் முஜராய் இலாகாவின் சம்மதம், தெருவென்றால் மாநகராட்சி, போலீஸ் அனுமதி என்பதைச் சொல்லத் தேவையில்லை. கூட்டத்தை இழுக்கக் குலுக்கல் பரிசுச் சீட்டு விற்கும் யோசனை சிலருக்கு வரும். 2007 முதல் கர்நாடகத்தில் லாட்டரிக்குத் தடை இருப்பதை அவர்கள் நினைவில் கொள்வது நலம். முறுக்கு விற்றே திரட்டலாம்.

இப்போது உண்டியலில் விழுவதைவிட, கைப்பேசி மூலம் வருவதே அதிகம். கடலை வாங்குவதற்கே நோட்டு எடுக்காத காலம் இது. மேசையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை யாருடைய கணக்குக்குப் போகிறது என்பதைக் கொடுப்பவர் பார்க்கவேண்டும், பார்க்கும்படி எழுதியும் வைக்கவேண்டும். கைப்பேசித் திரையில் தெரிவது நிறுவனத்தின் பெயராக இருக்கட்டும். செயலாளரின் மருமகன் பெயர் தெரிந்தால் கொடுக்க வந்தவர் கையை இழுத்துக்கொள்வதில் தவறில்லை. ஒரு மணிக்கொரு முறை அட்டையைத் தொட்டுப் பார்க்கவும் வேண்டும். நெரிசலில் எவனாவது தன் அட்டையை மேலே ஒட்டிவிட்டுப் போனால், மாலை வரை நாம் அவனுக்காக முறுக்கு விற்றுக்கொண்டிருப்போம்.

தகர உண்டியலைப் பூட்டும்போதும் திறக்கும்போதும் சங்கத்தைச் சேராத இருவர் உடனிருக்கட்டும். பக்கத்துக் கடலைக் கடைக்காரரையும் பணியில் இல்லாத ஒரு பள்ளி ஆசிரியரையும் அழைத்தால் வரமாட்டார்களா? அன்றிரவே எண்ணி, மறுநாள் காலையிலேயே தொகையைப் பலகையில் எழுதிவிடவேண்டும்.

எழுதும் தொகையிலும் நேர்மை வேண்டும். மூன்று நாள் சந்தையில் 60,000 ரூபாய்க்கு விற்பனை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அரிசி, எண்ணெய், வெல்லம், பந்தல், விளக்கு, கடை வாடகை என்று 35,000 போனால் மீதி 25,000. ‘60,000 திரட்டினோம்’ என்று மேடையில் முழங்கிவிட்டு 25,000 அனுப்பினால், நாளைக்குக் கேட்பவன் மீதி 35,000 எங்கே என்றுதான் கேட்பான். திருடாதவனும் திருடனாக நிற்பான். செலவையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். 25,000 ரூபாய் சிறு தொகை என்று கூசவும் வேண்டாம். ஒரு இந்திய ரூபாய் மூன்று இலங்கை ரூபாய்க்கு மேல் பெறும். ஆகவே அது அங்கே 75,000க்கு மேல். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், அரசு தரும் வருகை ஊக்கத்தொகை 200 ரூபாயையும் சேர்த்து 1,750 இலங்கை ரூபாய் என்று அந்நாட்டின் 2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். நாம் குறைவென்று நினைக்கும் மிச்சப் பணம், ஒரு தாய் கூடை சுமந்து நாற்பது நாளுக்கு மேல் மலையேறிச் சம்பாதிப்பதற்குச் சமம்.

அறிவிப்புப் பலகையில் கன்னடத்தை முதலில் எழுதுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறோம். சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. பசவனகுடியில் கடலை வாங்க வரும் கன்னடத் தாய்மார்களும் அந்த உண்டியலில் போடுவார்கள். எதற்கென்று அவர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்லவேண்டாமா? 2018 ஆகஸ்டில் குடகில் மலை சரிந்தபோதும், 2024 ஜூலை 30இல் வயநாடு புதைந்தபோதும் மண்ணுக்கடியில் போனவர்களின் மொழியை யாரும் கேட்கவில்லை. கண்டி மாவட்டத்தில் மாண்டவர்களில் சிங்களக் கிராமத்தார் பலர். ‘நம்மவருக்கு மட்டும்’ என்று பலகையில் எழுதி நிதி திரட்டுவது, மலை காட்டாத பேதத்தை நாம் காட்டுவதாகும். தோட்டத்து மக்களுக்கு முதலிடம் தரவேண்டும் என்கிறோமே, அதற்குக் காரணம் ரத்த உறவு மட்டுமன்று. அவர்களிடம் நிலப் பட்டா இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டிய லயங்களில்தான் அவர்களில் பெரும்பாலோர் இன்றும் குடியிருக்கிறார்கள். ஒரு நீண்ட கொட்டகையை அறை அறையாகத் தடுத்து, அறைக்கொரு குடும்பம். நிலம் தோட்டத்துக்குச் சொந்தம், அறையும் தோட்டத்துக்குச் சொந்தம். மலை சரிந்து அது போய்விட்டால், ‘என் வீடு போயிற்று’ என்று சொல்லி நிவாரணம் கேட்கக் காகிதம் இல்லை. 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் அப்படியே மண்ணில் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் அரசு நிறுவனமே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தது, போக இடம் தரப்படவில்லை. தப்பியவர்களுக்கு மாற்று வீடு கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. அவ்வளவு காலமும் முகாமில் பிள்ளைகள் படிக்கவேண்டும், பெண்கள் வேலைக்குப் போகவேண்டும், கிழவர்களுக்கு மருந்து வேண்டும்.

நம் பணம் எப்போது தேவைப்படுகிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது. முதல் வாரத்தில் ஹெலிகாப்டர் வரும், அமைச்சர் வருவார், பத்திரிகைக்காரர்களும் வருவார்கள். ஆறாவது மாதத்தில் யாரும் வரமாட்டார்கள். சந்தை உண்டியல் அந்த ஆறாவது மாதத்துக்கானது. ஒரே மூச்சில் லட்சத்தைத் திரட்டி, புகைப்படம் எடுத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு வேறு காரணத்துக்குத் தாவுவதைவிட, ஒரு தோட்டத்துப் பள்ளியைத் தேர்ந்துகொண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 25,000 அனுப்புவது எவ்வளவோ மேல். பள்ளிச் சப்பாத்து, புத்தகப் பை, மாலை வகுப்புக்கு ஒரு ஆசிரியரின் ஊதியம் ஆகியவற்றுக்குக் கணக்குக் கேட்பதும் எளிது, கணக்குக் கொடுப்பதும் எளிது.

அந்தக் கணக்கு, பணம் திரட்டிய அதே சந்தையில்தான் திரும்பிவர வேண்டும். ஆண்டறிக்கை அச்சிட்டு உறுப்பினர்களுக்கு அனுப்புவதெல்லாம் சரி. ஐந்து ரூபாய் போட்ட கடலை வியாபாரி உறுப்பினர் இல்லையே! அடுத்த பரிஷெயில் அதே மேசை, அதே இடம், அதே தகர உண்டியல். அதற்குப் பின்னால், ‘சென்ற ஆண்டு திரண்டது இவ்வளவு, செலவு இவ்வளவு, அனுப்பியது இவ்வளவு, சேர்ந்த இடம் இது, அவர்கள் எழுதிய ரசீது இது’ என்று ஒரு பெரிய அட்டை தொங்கட்டும். சென்ற ஆண்டுக் கணக்கை மாட்டாதவர்களுக்கு இந்த ஆண்டு மேசை போட இடமில்லை என்று விழாக் குழுவினர் ஒரு விதி செய்தால் நாம் வரவேற்போம். தங்கவயலுக்கென்று திரட்டினால் அதற்குத் தனி உண்டியல், தனி ஏடு. இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் மாற்றுவது நல்லெண்ணத்தோடு செய்தாலும் நம்பிக்கை மோசடியே. நம் சங்கங்களில் மைக் பிடிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை, பேரேடு எழுதத்தான் ஆள் கிடைப்பதில்லை. ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்களும் கணக்கு அலுவலர்களும் ஹலசூருவிலும் காக்ஸ்டவுனிலும் விவேக்நகரிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதற்குப் பதிலாக மேசைக்கு அழையுங்கள்.

எந்தத் தோட்டம், எந்தப் பள்ளி என்று எப்படித் தேர்ந்தெடுப்பது? இதற்குக் கொழும்பு வரை போகத் தேவையில்லை. 1964 அக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா 5,25,000 பேரை ஏற்க ஒப்புக்கொண்டது. பிறந்த மலையை விட்டுக் கப்பலேறிய அந்த மக்களில் ஒரு பகுதியினர் நம் கர்நாடகத்திலேயே, தட்சிண கன்னட மாவட்டத்தின் சுள்ளியா, புத்தூர் வட்டாரங்களில் அரசு ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். கொழுந்து பறித்த கை பால்வெட்டப் பழகிக்கொண்டது. பெங்களூருத் தமிழர்களில் பலருக்கு இப்படிச் சிலர் இருப்பதே தெரியாது. அவர்களில் முதியவர்களுக்கு மலையகத்துத் தோட்டங்களின் பெயர்கள் பாடம்; அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் அவை. எந்த லயம் சரிவில் நிற்கிறது, எந்தப் பள்ளிக்குக் கூரை இல்லை, யாரிடம் கொடுத்தால் காசு பிள்ளைகளிடம் போய்ச் சேரும் என்று உறவினரைக் கேட்டுச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அவர்களுக்கும் நம்மிடம் சொல்லச் சொந்தக் குறைகள் இருக்கும். அதையும் கேட்டுக்கொண்டு வரலாம். பெங்களூருவிலிருந்து மடிக்கேரி வழியாகச் சுள்ளியாவுக்குப் பேருந்து உண்டு. இரவில் ஏறினால் காலையில் இறங்கலாம்.